பின்சுவர் எழுத்து

மொட்டை மாடியில் பழைய வேஷ்டியை விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்து, மாமி விடியற்காலையிலேயே இட்டிருந்த ஜவ்வரிசி வடாம் அத்தனையும் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. நான் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். மாமி குனிந்து ஒரு வடாமை எடுத்து நுனிநாக்கில் வைத்துப் பார்த்தார். "மண்ணு" என்றார். பிறகு கைப்பிடிச் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தார். பக்கத்துக் கோயிலின் பின்பக்கத்திலிருந்து புகை மாதிரி தூசி எழும்பிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து காதைக் கிழித்துக்கொண்டிருந்த இரைச்சலும் அங்கிருந்துதான். மாமி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அந்தச் செருகல் எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாருக்கோ இன்றைக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். அது நான் இல்லை என்ற சந்தோஷத்தில், ஈரத்துணியைப் பக்கெட்டிலேயே போட்டுவிட்டு அவர் பின்னாலேயே இறங்கினேன்.

அவர் எங்கள் வீட்டுக்காரம்மா. குடியிருந்தவர்கள் எல்லோரும் ஹவுஸ் ஓனர் மாமி என்போம். தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் போகும் சந்துகளில் ஒன்றில், கீழே அவர்களும் பக்கவாட்டிலும் மாடியிலுமாக மூன்று குடித்தனங்களும். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து, தி. நகரில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாமியின் சட்டங்கள் எனக்கு மனப்பாடம். கிணற்றிலிருந்து யார் எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்பது ஒரு சட்டம். ராத்திரி கேட் பூட்டும் நேரம் இன்னொன்று. சுவரில் ஆணி அடிக்கவே கூடாது. நாங்கள் அப்போது அடையாறில் வேறு வீடு பார்த்துக்கொண்டிருந்தோம். நானும் என் கணவரும் ராத்திரி மாமி மாதிரி பேசிக்காட்டிச் சிரிப்போம். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், அன்று அவர் பின்னால் போனபோது எனக்கு அவர்மேல் எந்தப் பிரியமும் இல்லை என்பதுதான். வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

எங்கள் வீட்டின் பக்கச் சந்து நேராகக் கோயிலின் பின்சுவரில் போய் முட்டும். சின்னக் கோயில். பெரிய கோயிலுக்கு வரும் கூட்டம் இங்கே எட்டிப் பார்க்காது. அந்த வருஷம் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். திருப்பணிக் கமிட்டியின் செயலாளர் வேறு யாருமில்லை, மாமியின் கணவர்தான். மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீடு வீடாக ஏறி இறங்கி நன்கொடை திரட்டியவர். கல்லின் மேல் தலைமுறை தலைமுறையாக ஏறியிருந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் எடுப்பதற்கு ஒரு மெஷின் வந்திருந்தது. தெருவில் நிறுத்திய கம்ப்ரஸரிலிருந்து கனமான குழாய் எங்கள் சந்து வழியாகத்தான் பின்சுவருக்குப் போனது. குழாயின் முனையிலிருந்து மணல் சீறிக்கொண்டு பாயும். பட்ட இடத்தில் கறுப்பு போய், கல் இப்போதுதான் மலையிலிருந்து வெட்டியது போல வெளுத்துவிடும். முன்மண்டபத்துத் தூண்களை முதலில் அடித்தபோது நாங்களெல்லாம் கைதட்டாத குறை. அவ்வளவு பளிச்சென்று இருந்தது.

மாமி போய் நின்றதும் மெஷின்காரர் குழாயை நிறுத்தினார். முகத்தில் கட்டியிருந்த துண்டுக்கு மேல் இமையெல்லாம் வெள்ளை. "இன்னாமா?" என்றார். மாமி வடாமைப் பற்றி ஆரம்பித்தார். மணலை மூடி அடிக்கத் தெரியாதா, ஒரு வார்த்தை முன்னால் சொல்லக்கூடாதா, ஒரு நாள் உழைப்பு போயிற்று என்று மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே வந்தவர், பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். சுவரின் தென்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேதான் அன்று காலை ஆரம்பித்திருந்தார்கள். ஒரு ஆள் கைவிரித்த அகலத்துக்குக் கல் வெளுத்திருந்தது. மாமி கிட்டே போய் உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்துத் தடவினார். பிறகு பக்கத்தில், இன்னும் மெஷின் படாத, சுண்ணாம்பு அப்பியிருந்த இடத்தைத் தடவினார். திரும்பவும் வெளுத்த இடம்.

"இங்க எழுத்து இருந்ததே. எங்க போச்சு?"

சுண்ணாம்புக்கு அடியில் எழுத்து மேடும் பள்ளமுமாக இருந்தது எங்களுக்கும் தெரியும். பிரதட்சிணம் வரும்போது கண்ணில் படும். யாரும் நின்று பார்த்ததில்லை. மெஷின்காரர் மேற்பார்வையாளரைக் கைகாட்டினார். அவர் நல்ல மனுஷர்தான், சிரித்துக்கொண்டே வந்தார். "அது பழைய கிறுக்கல் மாமி. யாருக்குப் படிக்கத் தெரியும்? இப்ப பாருங்க, கண்ணாடி மாதிரி ஆயிடும்."

மாமி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் பலமுறை வாங்கியிருக்கிறேன். "எங்காத்துப் பத்திரத்தைப் படிச்சாக்கூடத்தான் எனக்கு ஒரு வரி புரியாது. புரியலேங்கறதுக்காகக் கிழிச்சுப் போட்டுடுவேனா?"

அவ்வளவுதான். திரும்பி நடந்தார். சந்தின் நடுவில் இருந்த இரும்புக் கதவைக் காட்டி, குழாயை வெளியே இழுத்துக்கொள்ளச் சொன்னார். அவர்கள் என்னவோ ஏதோவென்று இழுத்ததும், கதவைச் சாத்திப் பூட்டு போட்டார். தெருவிலிருந்து பின்சுவர்வரை குழாயைக் கொண்டுபோக வேறு வழி கிடையாது. பூட்டு விழுந்த சத்தத்துக்குப் பிறகு சந்தில் அப்படியொரு அமைதி. ராத்திரி கேட்டைப் பூட்டி எங்களை வெளியே நிறுத்தும் அதே கை, அதே முகம். முதல் தடவையாக அந்தப் பிடிவாதம் எனக்கு எதிராக இல்லாமல் என் பக்கத்தில் நின்றது.

சாயங்காலம் வீட்டுக்குள் நடந்த சண்டை மாடிவரை கேட்டது. மாமா சாதுவானவர். அன்று அவர் குரல்தான் உயர்ந்திருந்தது. "பத்திரிகை அச்சுக்குப் போயாச்சு. ஊரெல்லாம் சொல்லியாச்சு. கமிட்டி முன்னாடி நான் எப்படித் தலை நிமிர்ந்து நிப்பேன்? செகரட்டரி பொண்டாட்டியே கதவைப் பூட்டிட்டாள்னு சொல்லுவா."

"சொல்லட்டும். அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தர் படிச்சு சொல்லட்டும், மறுநாளே திறந்து விடறேன்."

"படிக்கறதுக்கு யாரை எங்கே தேடுவே?"

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. என் பக்கத்து மேஜையில் உட்காரும் தோழியின் தங்கை, கடற்கரைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் பழைய கல்வெட்டுகளைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். இதை மாமியிடம் போய்ச் சொல்லலாமா என்று படியில் நின்றுகொண்டு நான் யோசித்தது இப்போதும் நினைவிருக்கிறது. அதுவரை வாடகை கொடுக்கத் தவிர நான் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டியதில்லை. தட்டினேன். மாமி நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "காபி சாப்பிடறியா?" என்றார். அந்த வீட்டில் நான் குடித்த முதல் காபி.

அந்தப் பெண் மறுநாளே வந்தாள். தோளில் பெரிய துணிப்பை, வியர்வையில் ஒட்டிய சல்வார், பஸ்ஸில் நசுங்கி வந்த முகம். மாமி பூட்டைத் திறந்துவிட்டார். அவள் வெளுத்த மூலையைப் பார்த்ததும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மீதிச் சுவருக்குப் போனாள். கன்னத்தைச் சுவரோடு சேர்த்து வைத்து, சாய்வாக விழும் வெயிலில் எழுத்தின் நிழலைப் பார்த்தாள். சுண்ணாம்பு உதிர்ந்திருந்த ஓர் இடத்தில் விரல் வைத்து மெல்ல வாசித்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். கண்ணெல்லாம் சிரிப்பு.

"மாமி, இது இந்தப் பக்கத்துக் கல்வெட்டுப் பட்டியல் எதிலும் நான் பார்த்ததே இல்ல. எப்பவோ சுண்ணாம்பு அடிச்சு மூடிட்டாங்க. அதுக்கப்புறம் இதை ஒருத்தரும் படிச்சிருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன்."

ஒருத்தரும் படிக்கவில்லை. அந்த வார்த்தை என்னை என்ன செய்தது என்று எப்படிச் சொல்வது? நான் தினமும் அந்தச் சுவருக்குக் கொஞ்சம் தள்ளிப் பாத்திரம் தேய்க்கிறேன். அந்தச் சுவரில் யாரோ நம்மிடம் சொல்ல வந்த சேதி, சொல்லி முடிக்காமல் இத்தனை காலம் நின்றுகொண்டிருக்கிறது. அன்று ராத்திரி எனக்கும் என் கணவருக்கும் வீடு மாறுகிற பேச்சே வரவில்லை.

கோயில் மண்டபத்தில் கமிட்டி கூடியது. மாமி கூப்பிடாமலே போனார். நாங்கள் குடித்தனக்காரர்கள் எல்லோரும் அவர் பின்னால் போய் உட்கார்ந்தோம். பெரிய நன்கொடை கொடுத்திருந்த ஒருவர், கோயில் என்றால் பார்க்கப் பளபளப்பாக இருக்க வேண்டாமா, இருட்டும் பிசுக்குமாக இருந்தால் எந்தப் பக்தன் வருவான் என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மாமி மேடைப் பேச்சுப் பழக்கம் இல்லாதவர். "சுத்தம் பண்ண வேண்டாம்னு நான் சொல்லல்லே. மூஞ்சியைத் துடைக்கறதுக்கும் தோலை உரிக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கோ இல்லியோ? கையால துடைப்போம்" என்றார்.

"யார் துடைப்பா?" என்று கேட்டது மாமா.

மாமி பின்னால் திரும்பி எங்களைப் பார்த்தார். முதலில் எழுந்தது மாடி முன்னறைப் பையன், வடபழனியில் ஏதோ ஸ்டூடியோவில் உதவி எடிட்டராக இருந்தவன். வாடகை பாக்கியால் மாமி வந்தால் மொட்டை மாடிக்கு ஓடிப்போய் ஒளிந்துகொள்கிறவன். "நாங்க துடைப்போம் மாமி" என்றான். பிறகு நாங்கள் எல்லோரும் எழுந்தோம். மாமா நெற்றியைத் தடவிக்கொண்டார். முடிவில் அவர்தான் ஒரு வழி சொன்னார். கும்பாபிஷேகத்துக்குப் பந்தல்கால் நடும் நாளுக்குள் பின்சுவர் சுத்தமாகிவிட வேண்டும். ஆகாவிட்டால் மெஷின் வேலையைத் தொடரும். அதுவரை கம்ப்ரஸர் தெருவிலேயே நிற்கும். மாமியால் முடியாது என்று நினைத்துத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்பது எனக்கு அன்றே புரிந்தது.

அந்தச் சித்திரை வெயிலில் நாங்கள் செய்த வேலையை இப்போது நினைத்தாலும் கை பரபரக்கிறது. ஆராய்ச்சிப் பெண் சொல்லிக்கொடுத்தாள். கம்பி பிரஷ் கூடாது, ஆசிட் கூடவே கூடாது, உளி பக்கத்திலேயே வரக்கூடாது. ஈரச் சாக்கைச் சுவரில் போர்த்தி ஊறவைத்து, சுண்ணாம்பு இளகியதும் மூங்கில் சிம்பால் மெதுவாக நெம்பி எடுத்து, மென்மையான பிரஷால் கழுவ வேண்டும். தண்ணீர் ஏராளமாக வேண்டும். கிணற்றுக் கயிற்றை யாரும் தொடவிடாத மாமி, தன் கையாலேயே இறைத்து இறைத்து ஊற்றினார். காலையில் அலுவலகம் போகுமுன் கொஞ்ச நேரம் நான். சாயங்காலம் வந்ததும் என் கணவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர் வீடு, பக்கத்து வீடு, கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா, அவர் மகள் எல்லோரும். வெள்ளைக் கட்டி ஒன்று சரிந்து விழும்போது அடியிலிருந்து ஒரு எழுத்து கறுப்பாக எட்டிப் பார்க்கும். உடனே "இங்க ஒண்ணு! இங்க ஒண்ணு!" என்று கூச்சல். "இது 'ம' தானே?" "இல்ல, 'ட'." பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளைகள் மாதிரி ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்ப்போம். உத்தியோகம், வாடகை, ஜாதி, பழைய சண்டை எதுவும் அந்தச் சுவருக்கு முன்னால் ஞாபகம் வரவில்லை. ஒரே தெருவில் இத்தனை நாள் இருந்தும் பாதிப் பேரின் குரலை நான் அங்கேதான் முதலில் கேட்டேன்.

மாமா மட்டும் வரவில்லை. மாமியோடு பேசுவதும் இல்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இன்னும் வடகோடி அப்படியே இருந்தது, பந்தல்காலுக்கு நாள் நெருங்கிவிட்டது, எல்லோரும் களைத்து உட்கார்ந்திருந்தோம். மாமா கையில் மோர்ப்பாத்திரத்தோடு சந்தில் வந்தார். எங்களுக்கு ஊற்றிக் கொடுத்தார். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வேஷ்டி பாழாப் போகும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதை மடித்துக் கட்டி, ஒரு மூங்கில் சிம்பை எடுத்துக்கொண்டு வடகோடியில் போய் உட்கார்ந்தார். மாமி வாளியை அவர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

பந்தல்கால் நடுவதற்கு முந்தின நாள் முடித்தோம். ஆராய்ச்சிப் பெண் ஈரக் காகிதத்தைச் சுவரில் ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளங்களுக்குள் காகிதம் இறங்கும்படி செய்து, மேலே மையை ஒற்றினாள். கறுப்புக் காகிதத்தில் வரிவரியாக வெள்ளை எழுத்து எழுந்து வந்தபோது யாரோ விசில் அடித்தார்கள். கோயிலில் விசிலா என்று மாமி கூட அதட்டவில்லை. கம்ப்ரஸரை எடுத்துப்போக வந்த மெஷின்காரரும் கூட்டத்தோடு நின்றார்.

அவள் வாசித்து வாசித்து அர்த்தம் சொன்னாள். பெரிய ராஜா கதை இல்லை. கடலோரத்து ஊர் ஒன்றைச் சேர்ந்த ஒரு பெண், இந்தக் கோயில் சுவாமிக்குப் பூ கிடைப்பதற்காக நந்தவனம் வைக்க நிலம் கொடுத்திருக்கிறாள். நிலத்துக்கு எல்லை, தண்ணீர் பாயும் வழி, பூத்தொடுப்பவருக்கு என்ன கூலி, எல்லாம் சொல்லியிருந்தது.

"அந்தக் காலத்துலயே பூ கட்றவங்களுக்குக் கூலி போட்டு எழுதிக்கீதா?" என்று பூக்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"கொடுத்த அம்மா பேரு என்ன?" என்று நான் கேட்டேன். ஆராய்ச்சிப் பெண் தென்கோடிக்கு நடந்து, வெளுத்த இடத்தைத் தொட்டாள். "இங்க இருந்திருக்கணும்."

மெஷின்காரர் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். "நான் அடிச்ச எடமாம்மா அது? தெரியாம பூட்ச்சே" என்றார். மாமி அவரைப் பார்த்து, "நீ என்னப்பா பண்ணுவே? தினம் சுத்தி வந்த எங்களுக்கே தெரியல்லியே" என்றார். அவர் போகும்போது, அடுத்த வேலை செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கோயில் என்று தானாகவே சொன்னார். எங்கே இறங்க வேண்டும் என்று மாமா விசாரித்துக்கொண்டார். அந்த வாரமே மாமாவும் மாமியும் பஸ் ஏறிப் போனது தனிக்கதை. அங்கே இருந்த எழுத்தில் பாதியைத்தான் காப்பாற்ற முடிந்தது.

ஆனால் அன்றைய வாசிப்பு அதோடு முடியவில்லை. கடைசி வரி மிச்சமிருந்தது. ஆராய்ச்சிப் பெண் அதைப் பழைய தமிழில் வாசித்தாள். "இத்தன்மம் காத்தார் ஸ்ரீபாதம் என் தலை மேலன." பிறகு மாமியைப் பார்த்துச் சொன்னாள், "இந்தத் தர்மத்தை யார் காப்பாத்துறாங்களோ, அவங்க பாதம் என் தலைமேல இருக்கட்டும்னு அந்த அம்மா சொல்றாங்க மாமி."

மாமிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் சட்டென்று குனிந்து தன் கால்களைப் பார்த்தார். சுண்ணாம்பு தெறித்து, வெடிப்பெல்லாம் வெள்ளையாகி, மெட்டி தெரியாமல் சேறு அப்பியிருந்த கால்கள். முந்தானையால் அவற்றை மூடிக்கொள்ளப் பார்த்தார். "ஐயையோ, என்ன இது அபசாரம்" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். மாமா அந்தப் பெண்ணிடம், "இன்னொரு தடவை படிம்மா" என்றார்.

நாங்கள் அந்த வீட்டைவிட்டுப் போகவே பல வருஷம் ஆயிற்று. இப்போது அங்கே அடுக்குமாடி எழும்பிவிட்டது. மாமா இல்லை. மாமி பெங்களூரில் மகனோடு இருக்கிறார், போனில் பேசும்போது இன்னமும் அதட்டுகிறார். கல்வெட்டு, பாதுகாப்பு என்றெல்லாம் கூட்டங்களில் பேசக் கேட்கும்போது, அது பெரிய படிப்புப் படித்தவர்களும் அரசாங்கமும் பார்க்க வேண்டிய காரியம் என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வதுண்டு. அவர்களும் வேண்டும்தான். அந்தப் பெண் வந்திருக்காவிட்டால் எங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் மணல் சீறுகிற அந்தக் காலையில் பக்கத்தில் இருக்கப்போவது அவர்கள் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்தான். எழுத்து எங்கே போயிற்று என்று அந்த இடத்திலேயே, அந்த நிமிஷமே ஒருவர் கேட்டாக வேண்டும்.

போன மாதம் அந்தக் கோயிலுக்குப் போயிருந்தேன். இரண்டு கல்லூரிப் பெண்கள் பின்சுவருக்கு முன்னால் கைப்பேசியைச் சாய்த்துப் பிடித்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கீழ்வரியைக் காட்டி, அதைப் படியுங்கள் என்றேன். திக்கித் திணறிப் படித்து முடித்தார்கள். அர்த்தம் சொன்னேன்.

ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். "செம ஆன்ட்டி! சரி, யாரு காப்பாத்தினாங்களாம்?"

"எங்க ஹவுஸ் ஓனர்" என்றேன்.